‘தானாக’ என்ற சொல்

படிக்கும் முன்

நீங்கள் முதன்முதலில் மிதிவண்டி ஓட்டியபோது யாராவது உங்களைப் பின்னாலிருந்து பிடித்திருப்பார். அந்தக் கை சற்று முன்னதாக விலகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விலகாமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நண்பருடன் கலந்துரையாடிய பிறகு இப்பகுதியைப் படியுங்கள்.

(இப்பகுதியில் வரும் கவின், அவன் குடும்பத்தினர், மாலதி, ஹுய் லிங் ஆகியோர் கற்பனை மாந்தர். அவர்கள் செய்யும் பணி உண்மையானது.)

நான்கு வயதும் ஒரு கரண்டியும்

கவினுக்கு வயது நான்கு. வடகிழக்கு ரயில் பாதையில் உள்ள நிலையங்களின் பெயர்களை அவன் வரிசை மாறாமல் சொல்வான். வீட்டுக்கு யார் வந்தாலும், “நீங்க எந்த ஸ்டேஷன்ல இறங்குனீங்க?” என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி. ஆனால், ஒரு கரண்டிச் சோற்றைக் கிண்ணத்திலிருந்து வாய்க்குக் கொண்டுசெல்ல அவனால் முடியவில்லை.

கவின் குறைமாதத்தில் பிறந்தவன். அவனுக்குப் பெருமூளை வாதம் உள்ளது. குழந்தை பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ மூளையில் ஏற்படும் பாதிப்பினால் இந்நிலை உண்டாகிறது. இது தொற்றுநோய் அன்று. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு நாளாக நாளாகப் பெருகுவதும் இல்லை. ஆனால், உடலை அசைப்பதும் நிமிர்ந்து உட்காருவதும் கடினமாகின்றன. பயிற்சி இல்லாவிட்டால் தசைகள் மேலும் இறுகக்கூடும். பாதிப்பின் அளவு குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். சிலருக்குப் பேச்சும் பார்வையும் பாதிக்கப்படலாம். சிலருக்கு நடையில் மட்டும் சிறு தடுமாற்றம் இருக்கலாம்.

கவினுக்கு வலப்பக்கம் கூடுதலாகப் பாதிக்கப்பட்டுள்ளது. அவனுடைய வலக்கை முழங்கையில் மடங்கியே இருக்கும். விரல்கள் எளிதில் விரியா. இடக்கை ஓரளவு அவன் சொல்வதைக் கேட்கும். எனினும், கரண்டியைத் தூக்கும்போது அதுவும் நடுங்கும். பாதி வழியில் கரண்டி கவிழ்ந்துவிடும்.

அதனால், வீட்டில் பாட்டிதான் அவனுக்கு ஊட்டிவிடுவார். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால், இன்னும் மூன்று ஆண்டுகளில் கவின் தொடக்கநிலை ஒன்றில் சேர வேண்டும். பள்ளியில் ஓய்வு நேரம் ஏறத்தாழ அரை மணி நேரம். அங்கே பாட்டி இருக்கமாட்டார். ஆகவே, கவினுக்காகத் தீட்டப்பட்ட திட்டத்தின் முதல் வரி இதுதான்: ‘கரண்டியைப் பயன்படுத்தித் தானாக உண்ணுதல்.’

ஒரு குழுவின் வேலை

சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு நல ஏடு ஒன்று உண்டு. தடுப்பூசி விவரங்களுடன், குழந்தை எப்போது தலையை நிமிர்த்த வேண்டும், எப்போது உட்கார வேண்டும், எப்போது சொற்களைப் பேசத் தொடங்க வேண்டும் முதலிய வளர்ச்சிப் படிகளும் அதில் இருக்கும். பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ பரிசோதிக்கும்போது தாமதம் தெரிந்தால், கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை போன்றவற்றின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்குக் குழந்தை அனுப்பப்படும். அங்கிருந்து பலர் ஆரம்பகாலத் தலையீட்டு நிலையங்களுக்கு வருகின்றனர். ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கான இந்நிலையங்கள் குடியிருப்புப் பேட்டைகளில் அமைந்துள்ளன. சமூக சேவை அமைப்புகள் பல, அரசாங்க ஆதரவுடன் இவற்றை நடத்துகின்றன.

இங்கே மூவகைச் சிகிச்சையாளர்களைக் காணலாம். உட்காருதல், நிற்றல், நடத்தல் போன்ற உடலசைவுகளை இயன்முறைச் சிகிச்சையாளர் கவனிக்கிறார். உண்ணுதல், உடுத்துதல், எழுதுதல், விளையாடுதல் போன்ற அன்றாடச் செயல்களைச் செயல்முறைச் சிகிச்சையாளர் கவனிக்கிறார். பேசுதல், புரிந்துகொள்ளுதல், விழுங்குதல் ஆகியவை பேச்சுச் சிகிச்சையாளரின் பொறுப்பு. இம்மூவரும் பட்டம் பெற்றவர்கள். 2011ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின்படி, பதிவு பெற்ற பிறகே இவர்கள் பணியாற்ற முடியும்.

இவர்களுடன் சேர்ந்து பணியாற்றுபவரே சிகிச்சை உதவியாளர். குழந்தைக்கு என்ன குறை என்று அவர் முடிவு செய்வதில்லை. சிகிச்சைத் திட்டத்தைத் தீட்டுவதும் இல்லை. சிகிச்சையாளர் தீட்டிய திட்டத்தை அவரது மேற்பார்வையில் நிறைவேற்றுகிறார். குழந்தையின் பாதங்கள் தரையில் படியும்படி நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்வது, விளையாட்டுப் பொருள்களை எடுத்துவைப்பது, பயிற்சி அளிப்பது, நடந்ததைப் பதிவுசெய்வது, குழந்தைகள் வாயில் வைத்த பொம்மைகளைக் கழுவித் துடைப்பது என அவருடைய நாள் நிறைந்திருக்கும்.

மாலதி அத்தகைய உதவியாளர். பணியில் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. கவினின் செயல்முறைச் சிகிச்சையாளரான ஹுய் லிங் தீட்டிய திட்டப்படி, வாரத்துக்கு இரண்டு முறை மாலதி கவினுக்குப் பயிற்சி அளித்தார்.

உதவியின் ஐந்து படிகள்

ஒரு குழந்தைக்கு உதவுவதில் இத்தனை நுணுக்கங்கள் உண்டா என்று மாலதி முதல் வாரத்தில் வியந்தார். உதவி என்பது ஒன்றல்ல. அதற்குப் படிகள் உண்டு. குழந்தையின் கைமேல் நம் கையை வைத்து முழுச் செயலையும் சேர்ந்து செய்வது மிகப்பெரிய உதவி. முழங்கையையோ மணிக்கட்டையோ இலேசாகத் தொட்டுத் தாங்குவது அதைவிடச் சிறியது. நாம் செய்துகாட்டுவது அதற்கடுத்தது. கிண்ணத்தைச் சுட்டிக்காட்டுவது இன்னும் சிறியது. “அடுத்து என்ன, கவின்?” என்று கேட்பது அதனினும் சிறியது. இவை எதுவும் இல்லாமல் குழந்தை செய்தால் மட்டுமே பதிவுத்தாளில் ‘தானாக’ என்று எழுத வேண்டும்.

எந்தப் படியில் தொடங்குவது, எப்போது அடுத்த படிக்கு இறங்குவது என்பவற்றைச் சிகிச்சையாளர் முடிவு செய்வார். பதிவுத்தாளைப் பார்த்துத்தான் அவர் முடிவு செய்ய முடியும். ஏனெனில், ஒவ்வொரு பயிற்சியின்போதும் அவர் அருகில் இருப்பதில்லை.

கவினுக்குக் கற்பித்த முறையும் மாலதிக்குப் புதுமையாக இருந்தது. உண்ணும் செயலை ஹுய் லிங் சிறு சிறு படிகளாகப் பிரித்திருந்தார். கரண்டியைப் பிடித்தல், உணவை அள்ளுதல், தூக்குதல், வாயில் வைத்தல். இவற்றுள் கடைசிப் படியைத்தான் முதலில் கற்பித்தார்கள். மாலதி கரண்டியைக் கவினின் உதடு வரை கொண்டுவந்து கையை எடுத்துவிடுவார்; வாயில் வைப்பது மட்டும் கவினின் வேலை. அது பழகியதும், கொஞ்சம் கீழேயே கையை எடுத்துவிடுவார். இவ்வாறு பின்னிருந்து முன்னோக்கிக் கற்பித்தால், ஒவ்வொரு முயற்சியும் குழந்தைக்கு வெற்றியிலேயே முடியும். உணவு வாய்க்குள் போய்விடும் அல்லவா?

கவினுக்குத் தடித்த பிடியுள்ள வளைந்த கரண்டி தரப்பட்டது. கிண்ணம் நழுவாமலிருக்க அதன் அடியில் ரப்பர் விரிப்பு போடப்பட்டது. எல்லாவற்றையும் மாலதி விரைவில் கற்றுக்கொண்டார். ஒன்று மட்டும் அவருக்குக் கடினமாக இருந்தது. அது காத்திருப்பது. கவினின் கரண்டி நடுவழியில் நின்று நடுங்கும்போது, மனத்துக்குள் பத்துவரை எண்ணிவிட்டுத்தான் அவர் உதவலாம். நான்கு எண்ணுவதற்குள் மாலதியின் கை தானாக நீண்டுவிடும்.

பத்துக்கு எட்டு

ஒருநாள் கவின் பத்து முறை முயன்றான். எட்டு முறை கஞ்சி சிந்தாமல் வாய்க்குப் போயிற்று. மாலதிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பதிவுத்தாளில், ‘10 முயற்சி, 8 முறை தானாக’ என்று எழுதினார். அழைத்துச்செல்ல வந்த கவினின் அம்மாவிடமும் சொன்னார். அம்மாவின் கண்கள் கலங்கின. அன்று மாலையே அச்செய்தி ஜோகூரில் இருக்கும் பெரியம்மா வரை போய்ச் சேர்ந்தது.

பதிவைப் பார்த்த ஹுய் லிங் திட்டத்தை மாற்றினார். தடித்த கரண்டிக்குப் பதிலாகச் சாதாரணக் கரண்டி தரப்பட்டது. அள்ளும் வேலையும் கவினிடம் விடப்பட்டது. பத்துக்கு எட்டு முறை தானாகச் செய்யும் குழந்தைக்கு அது பொருத்தமான அடுத்த படிதான்.

ஆனால், கவினால் முடியவில்லை. கஞ்சி அவன் மடியிலும் தரையிலும் கொட்டியது. ஆறாவது முறை கரண்டியை வீசிவிட்டு அழுதான். அடுத்த வாரம், மாலதி கிண்ணத்தை எடுத்து வைத்ததுமே, “எனக்குப் பசிக்கல” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்குப் பிடித்த ரயில் நிலையங்களின் பெயர்களைக் கேட்டபோதும் பதில் சொல்லவில்லை.

பெற்றோரின் இசைவுடன் சில பயிற்சிகளை நிலையத்தின் கையடக்கக் கணினியில் காணொளியாகப் பதிவுசெய்வது வழக்கம். என்ன தவறு நடந்தது என்று அறிய, மாலதி பழைய காணொளியைப் போட்டுப் பார்த்தார். பத்துக்கு எட்டு வந்த அந்த நாளின் காணொளி அது. முதல் முறை பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் முறை பார்த்தபோது அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கவினின் முழங்கைக்கு அடியில் ஒரு விரல் இருந்தது. அது மாலதியின் சுட்டுவிரல். கரண்டி நடுங்கும் ஒவ்வொரு முறையும் அந்த விரல் முழங்கையைத் தாங்கியது. தாம் அப்படிச் செய்தது மாலதிக்கே தெரியாது. எண்ணிப் பார்த்தார். விரல் படாமல் கவின் தானாக உண்டது மூன்று முறைதான்.

சொல்வதா, விடுவதா?

அன்றிரவு மாலதிக்கு உறக்கம் வரவில்லை. ஒரு விரல்தானே என்று ஒரு மனம் சொன்னது. இனிமேல் கவனமாக இருந்தால் போதாதா? பதிவைத் திருத்தினால் ஹுய் லிங் என்ன நினைப்பார்? அடுத்த மாதம் மாலதியின் பணியை உறுதிப்படுத்துவதற்கான மதிப்பீடு வேறு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கவினின் அம்மாவுக்கு என்ன சொல்வது? கொடுத்த மகிழ்ச்சியை எப்படித் திரும்ப வாங்குவது?

ஆனால், “பசிக்கல” என்று சொன்ன கவினின் முகம் அவர் கண்முன் வந்துகொண்டே இருந்தது. அந்தப் பிள்ளை தோற்கவில்லை. அவன் ஏறாத படிகளை ஏறிவிட்டான் என்று தாள் சொன்னது. அதை நம்பி, அவனால் எட்ட முடியாத படியில் அவனை நிறுத்திவிட்டார்கள். தாள் திருத்தப்படாவிட்டால், ‘இப்பிள்ளை முயற்சி செய்ய மறுக்கிறான்’ என்று அடுத்த வாரம் யாராவது எழுதக்கூடும்.

மறுநாள் காலை, முதல் குழந்தை வருவதற்கு முன்னரே மாலதி ஹுய் லிங்கிடம் காணொளியைக் காட்டினார். “நான் எழுதியது தவறு. எட்டு இல்லை, மூன்று” என்றார்.

ஹுய் லிங் காணொளியை முழுவதும் பார்த்தார். “நான் தொடங்கிய காலத்தில் என் முழங்காலால் ஒரு பிள்ளையின் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தேன். எனக்கும் தெரியாது” என்றார். பிறகு, “மூன்று என்று தெரிந்தால் மூன்றிலிருந்து தொடங்கலாம். எட்டு என்று நினைத்தால் எங்கிருந்து தொடங்குவது?” என்று கேட்டார். தாம் ஒருமுறை நேரில் பார்க்காமலே திட்டத்தை மாற்றியதும் தவறுதான் என்றும் அவர் ஒப்புக்கொண்டார். பதிவுத்தாளில் பழைய எண்ணை ஒரு கோட்டால் அடித்து, அருகில் சரியான எண்ணையும் தேதியையும் எழுதி, மாலதியைக் கையொப்பமிடச் சொன்னார். பழைய எண் மறைக்கப்படவில்லை.

கவினின் அம்மாவிடம் இருவரும் சேர்ந்தே பேசினார்கள். அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு தமிழில் மாலதியைப் பார்த்து, “அப்போ அவனால முடியாதா?” என்று கேட்டார்.

“மூணு முறை முடியுதுக்கா. அந்த மூணும் அவனே செஞ்சது” என்றார் மாலதி.

பாட்டியின் சமையலறை

ஒரு வாரத்துக்கு எத்தனை வேளை உணவு உண்கிறோம்? ஒரு நாளைக்கு மூன்று வேளை எனக் கொண்டால் இருபத்தொன்று. அவற்றுள் கவின் நிலையத்தில் உண்பது இரண்டு வேளைதான். மற்ற பத்தொன்பதும் வீட்டில். எனவே, உண்மையான பயிற்சி நிலையத்தில் நடப்பதன்று, வீட்டில் நடப்பதே. பழகிய நாற்காலியிலும் பழகிய கிண்ணத்திலும் செய்ய முடியாத ஒன்றைக் குழந்தை கற்றுக்கொண்டுவிட்டது என்று சொல்ல முடியாது.

ஹுய் லிங்கும் மாலதியும் கவினின் வீட்டுக்குச் சென்றார்கள். பாட்டிக்குத் தமிழும் சந்தையில் பேசும் அளவுக்கு மலாயும் தெரியும். ஹுய் லிங்குக்கு ஆங்கிலமும் சீனமும் தெரியும். இருவருக்கும் இடையில் மாலதி நின்றார். அன்றுதான் அவருக்குத் தம் தமிழின் போதாமை புரிந்தது. ‘படிப்படியாக உதவியைக் குறைக்க வேண்டும்’ என்று ஹுய் லிங் ஆங்கிலத்தில் சொன்னதை மாலதி தமிழில் சொன்னபோது, “பிள்ளைக்கு உதவாதேன்னு சொல்றியா?” என்று பாட்டி கேட்டார்.

“இல்ல பாட்டி. அவனால முடியாததுக்கு மட்டும் உதவுங்க. முடியிறத அவன் செய்யட்டும்.”

“பசியோட ஒரு பிள்ள தவிக்கறத உட்கார்ந்து வேடிக்கை பாக்கச் சொல்றியா? அதுவும் இடக்கையில சாப்பிடணுமாம். நாலு பேர் என்ன சொல்வாங்க?”

மாலதி உடனே பதில் சொல்லவில்லை. காத்திருக்க அவர் கற்றுக்கொண்டிருந்தார். பாட்டியின் கேள்விகளை அப்படியே ஹுய் லிங்கிடம் சொன்னார். இரண்டும் நியாயமான கேள்விகள்தாம் என்றார் ஹுய் லிங். பசியுள்ள குழந்தையிடம் முழுச் சாப்பாட்டையும் தானாக உண்ணச் சொல்லக்கூடாது. முதல் பங்கைப் பாட்டியே ஊட்டட்டும். பசி அடங்கியதும் கடைசி மூன்று கரண்டி மட்டும் கவினுடையதாக இருக்கட்டும். அதுவும் அவசரமில்லாத மதிய வேளையில் மட்டும் போதும். வலக்கையை விட்டுவிடப் போவதில்லை; கிண்ணத்தைப் பிடிக்க அதற்கும் பயிற்சி உண்டு. ஆனால், கரண்டியைத் தூக்க இப்போது இடக்கையால்தான் முடியும்.

பாட்டி சிறிது நேரம் யோசித்தார். பிறகு, “அங்க என்ன குடுக்கறீங்க?” என்று கேட்டார்.

“கஞ்சி, பாட்டி.”

“கஞ்சி தண்ணியா இருந்தா கரண்டி ஆடுனதும் கொட்டும். உதிரிச் சோறும் நிக்காது. தயிர்ச் சாதத்தக் கொழைய பெசஞ்சு குடு. கரண்டியக் கவுத்தாக்கூட ஒட்டிக்கிட்டு நிக்கும்.”

மாலதி அதை மொழிபெயர்த்ததும் ஹுய் லிங் சிரித்துவிட்டார். குழைவான, ஒட்டும் தன்மையுள்ள உணவில் தொடங்குவதே சரியான முறை. அதைத் தாம் முன்பே கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லித் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ரப்பர் விரிப்புக்குப் பதிலாகப் பாட்டி ஈரத்துணியை மடித்து, அதன்மேல் விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் கிண்ணத்தை வைத்தார். கிண்ணம் அசையவில்லை. கவினின் கால்கள் தொங்காமலிருக்க, குளியலறையிலிருந்த பிளாஸ்டிக் முக்காலி அவன் பாதங்களுக்கு அடியில் வந்தது.

பத்து வாரங்களுக்குப் பிறகு

பத்து வாரங்களில் பெரிய அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. கவினின் வலக்கை இன்னமும் கிண்ணத்தைச் சரியாகப் பிடிப்பதில்லை. தடித்த கரண்டி இல்லாமல் அவனால் முடியாது. சில நாள் அவன் மறுத்துவிடுவான். ஆனால், கடைசி மூன்று கரண்டி இப்போது கடைசி ஐந்து கரண்டி ஆகியிருந்தது. தரையில் பழைய நாளிதழ்களை விரிக்கப் பாட்டி பழகியிருந்தார்.

மாலதி மீண்டும் அந்த வீட்டுக்குச் சென்றபோது, சமையலறைச் சுவரில் மாத நாள்காட்டி ஒன்று தொங்கியது. ஒவ்வொரு தேதிக்குக் கீழும் பென்சிலால் ஓர் எண் எழுதப்பட்டிருந்தது. 3, 3, 4, 2, 4, 5. அவை கவின் தானாக உண்ட கரண்டிகளின் எண்ணிக்கை. யாரும் சொல்லாமலே பாட்டி தொடங்கிய பதிவு அது.

கவின் நாள்காட்டியைக் காட்டி, “நேத்து அஞ்சு. இன்னிக்கும் அஞ்சு சாப்பிட்டேன். பாட்டி நாலுன்னு எழுதிட்டாங்க” என்று முறையிட்டான்.

“நாலுதான்டா” என்றார் பாட்டி. “மூணாவது கரண்டி ஆடுனப்போ என் கை போயிடுச்சு. அத உன் கணக்குல எழுதக்கூடாது.”

மாலதி தம் சுட்டுவிரலைப் பார்த்துக்கொண்டார்.

தெரிந்துகொள்வோம்

• சிங்கப்பூரில் பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்கான அமைப்பு ஒன்று 1957ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அப்போது அது ‘ஸ்பாஸ்டிக் சில்ட்ரன்ஸ் அசோசியேஷன்’ என்று அழைக்கப்பட்டது. இப்போது அதன் பெயர் ‘செரிப்ரல் பால்சி அலையன்ஸ் சிங்கப்பூர்’.

• கட்டாயக் கல்விச் சட்டம் 2003ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்தது. 2019ஆம் ஆண்டு முதல் சிறப்புக் கல்வித் தேவை உள்ள பிள்ளைகளுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது.

• சிகிச்சை உதவியாளர் ஆக விரும்புவோருக்குக் குழந்தைகளிடம் அன்பு இருந்தால் மட்டும் போதாது. பொறுமையும், கூர்ந்து கவனிக்கும் திறனும், கண்டதைக் கண்டபடி எழுதும் நேர்மையும் வேண்டும். குடும்பத்தினரின் மொழியில் பேசத் தெரிந்தால் பணி மேலும் சிறக்கும்.

சிந்தித்துப் பேசுக

1. சிகிச்சையாளருக்கும் சிகிச்சை உதவியாளருக்கும் இடையிலான வேறுபாடுகளைக் கூறுக.

2. உண்ணும் செயலின் கடைசிப் படியை முதலில் கற்பித்தது ஏன்?

3. ‘அந்தப் பிள்ளை தோற்கவில்லை’ என்று மாலதி எண்ணியதன் காரணத்தை விளக்குக.

4. பதிவுத்தாளில் பழைய எண்ணை மறைக்காமல் ஒரு கோட்டால் அடித்தது ஏன் முக்கியம் என்று கருதுகிறீர்கள்?

5. பாட்டியிடமிருந்து ஹுய் லிங் கற்றுக்கொண்டது என்ன? அனுபவ அறிவும் படிப்பறிவும் ஒன்றுக்கொன்று துணைநின்ற வேறொரு சூழலை எடுத்துக்காட்டுக.

6. உங்கள் வீட்டில் உள்ள சிறு குழந்தைக்கோ முதியவருக்கோ நீங்கள் செய்யும் ஓர் உதவியை எண்ணிப் பாருங்கள். அவரால் செய்யக்கூடியதையும் நீங்களே செய்துவிடுகிறீர்களா? ஒரு வாரம் கவனித்து, கண்டதை 120 சொற்களில் எழுதுக.